வள்ளிக்கிழங்குக்கு நான் கொண்டுபோன தீர்த்தம்

பக்தி சற்று மிகுதியாக உள்ளவனிடம் எந்தப் பொருளையும் ஒரு நாளைக்குக்கூடக் கொடுத்து வைக்கக் கூடாது. அவன் அதைச் சும்மா வைத்திருக்க மாட்டான். மஞ்சள் தடவுவான், பூ வைப்பான், கண்ணில் ஒற்றிக்கொள்வான். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் இன்றைக்கும் நெற்றியில் திருமண்ணோடுதான் நிற்கிறது. அதைப் பழுது பார்க்க வந்தவர் ஒரு கணம் தயங்கி, வாசலுக்குத் திரும்பிப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். (நான் எதுவும் சொல்லவில்லை. இயந்திரம்தான் சொல்லிற்று.)

இயந்திரத்துக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. உயிருள்ள பொருளாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. எறும்பு வரிசையைக் கண்டால் சுற்றிக்கொண்டு போகிறவன் என்று கோஷ்டியில் பெயர் வாங்கியவன் நான். கோஷ்டி என்றால், நாள்தோறும் சந்நிதியில் சேர்ந்து பாசுரம் சேவிக்கும் எங்கள் குழு. அப்படிப்பட்டவன் ஒரே மாலைப் பொழுதில் கோடிக்கணக்கான உயிர்களைப் பரமபதத்துக்கு அனுப்பினேன். வெறுப்பினால் அல்ல, அளவு கடந்த மரியாதையினால்.

என் மனைவி வைதேகிக்கும் அவள் தம்பி சம்பத்துக்கும் தொட்டியத்துக்கு அருகில், காவிரிக் கரையில் கொஞ்சம் நிலம் உண்டு. தாய் வழிச் சொத்து. சம்பத் சென்னையில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு, ஐம்பதாவது வயதில் அங்கே போய் விவசாயம் செய்ய உட்கார்ந்தவன். கல்யாணம் காட்சி என்று எங்கே வந்தாலும் நகக்கண்ணில் மண்ணோடுதான் வருவான். அந்த நிலத்தைத் தவிர அவனுக்கு வேறு பேச்சு கிடையாது. விளைச்சல் என்னவோ ஆண்டுக்கு ஆண்டு உரக் கடைக்கே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. யூரியா போட்டால்தான் கொடி தழைக்கும், அடுத்த முறை இன்னும் கூடுதலாகப் போட்டால்தான் அதே அளவு தழைக்கும் என்று நிலம் கேட்டுக்கொண்டே போயிற்று.

இந்த நிலையில் வாழை பயிரிடும் ஒருவர் அந்த நிலத்தைப் பல ஆண்டுக் குத்தகைக்குக் கேட்டார். கொடுத்துவிடலாம் என்பது வைதேகியின் கட்சி. கூடாது என்பது சம்பத்தின் கட்சி. அக்காவின் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது, தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு அக்காவால் கையெழுத்துப் போடவும் முடியாது. கடைசியில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. ஒரே ஒரு பருவம். சர்க்கரைவள்ளிக் கிழங்கு. உரத்தை வெகுவாகக் குறைத்து, நல்ல விளைச்சல் எடுத்துக் காட்டினால் நிலம் சம்பத்திடமே இருக்கும். காட்டாவிட்டால் வாழைக்காரருக்கு. சம்பத் அதற்கு ஒப்புக்கொண்ட துணிச்சல் எங்கிருந்து வந்தது என்றால், நுண்ணுயிர் உரத்திலிருந்து.

திருச்சியில் மண்ணையும் நுண்ணுயிர்களையும் ஆராயும் ஓர் ஆய்வகத்தில், பாலக்கரையைச் சேர்ந்த ஸ்டெல்லா என்ற அம்மையார் வேலை பார்த்தார். வேருக்கு நன்மை செய்யும் பாக்டீரியாவை வளர்த்துக் குப்பியில் அடைத்து விவசாயிகளுக்குக் கொடுப்பது அவர் பணி. நடவுக்கு முந்தின நாள் அதைப் போய் வாங்கி, மறுநாள் காலை தொட்டியத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கவேண்டும். அவ்வளவுதான் வேலை. அக்காள் கணவனும் ஓய்வு பெற்ற ரயில்வே அலுவலனுமான என்னிடம் சம்பத் அதை ஒப்படைத்தான். "அத்திம்பேர், வாங்கிண்டு வந்தா மட்டும் போறும்" என்று தொலைபேசியில் சொன்னான். அந்த 'மட்டும்' என்ற சொல்லை நான் போதிய கவனத்தோடு கேட்கவில்லை.

அது புரட்டாசி மாதத்து வெள்ளிக்கிழமை. ஆய்வகத்துக்குப் போனேன். ஸ்டெல்லா அம்மையார் குப்பியை உடனே எடுத்துக் கொடுத்திருந்தால் ஒரு விபரீதமும் நிகழ்ந்திராது. வயதானவர், வெயிலில் வந்திருக்கிறார் என்று உட்காரச் சொன்னார். பிறகு, "பாக்கிறீங்களா சார்?" என்று நுண்ணோக்கியின் பக்கம் கை காட்டினார்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் பார்த்தேன். முதலில் என் இமை மயிர்தான் தெரிந்தது. அவர் எதையோ திருகினார். திடீரென்று வெளிச்சம் ததும்பும் ஒரு வெளி திறந்தது. அதில் எண்ணிலடங்காத சிறு வடிவங்கள், சற்றே வளைந்தவை, ஓடிக்கொண்டும் சுழன்றுகொண்டும் ஒன்றையொன்று கடந்துகொண்டும் இருந்தன. வைகுண்ட ஏகாதசியன்று கோபுரத்தின் மேலிருந்து கூட்டத்தைப் பார்த்தால் இப்படித்தான் இருக்கும். இது ஒரு துளியில் ஒரு துணுக்கு என்றார் அவர்.

இவை என்ன செய்யும் என்று கேட்டேன். அவர் நிதானமாக விளக்கினார். நம்மைச் சுற்றியிருக்கும் காற்றில் பெரும்பங்கு நைட்ரஜன்தான். பயிருக்கு அதுதான் உணவு, ஆனால் காற்றிலிருந்து அதை எடுத்து உண்ணப் பயிருக்குத் தெரியாது. இந்த நுண்ணுயிர்கள் வேரின் தோலில் குடியேறி, காற்றிலிருந்து எடுத்து, வேருக்கு ஏற்ற வடிவில் மாற்றி ஊட்டுகின்றன. வேர் பதிலுக்குத் தன் சாற்றிலிருந்து கொஞ்சம் இனிப்பைக் கசியவிடுகிறது. கூடவே இன்னொரு இனமும் அதே குப்பியில் உண்டு. அது மண்ணுக்குள் இறுகிக் கிடக்கும் பாஸ்பரஸைக் கரைத்துக் கொடுக்கும். அதனால்தான் மூட்டை மூட்டையாக உரம் கொட்டவேண்டிய தேவை குறைகிறது.

நான் எழுந்துவிட்டேன். ஸ்டெல்லா அம்மையார் நாற்காலி சரியில்லையோ என்று நினைத்தார். உட்கார்ந்தபடி அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். அணுவுக்குள்ளும் அவன் இருக்கிறான் என்று ஐம்பது ஆண்டுகளாகச் சேவித்து வந்தவன் நான். கேட்பவர்களுக்கு உருக உருகப் பொருளும் சொல்லியிருக்கிறேன். எல்லாம் ஒரு வீட்டின் முகவரியைப் பாராயணம் செய்த கதைதான். வீட்டை அன்றுதான் எனக்குக் காட்டினார்கள். நான் நடந்து திரிந்த மண்ணிலெல்லாம் யாரும் கேளாத ஒரு கைங்கரியம் ஓயாமல் நடந்துகொண்டிருந்திருக்கிறது. பிரசாதத்தில் பங்கு கேட்காத கைங்கரியம். (எங்கள் கோஷ்டியில் அந்த வகையினர் மிகக் குறைவு.)

குப்பியைக் கொடுக்கும்போது அவர் சொன்னவை இவை: வெயில் படக்கூடாது, பூச்சி மருந்துக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது, வேறு எதையும் கலக்கக்கூடாது, மறுநாள் வயலுக்குத் தாமே வந்து பார்ப்பார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். துளசியும் பச்சைக் கற்பூரமும் 'வேறு எது' என்ற வகையில் அடங்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஸ்ரீரங்கம் பேருந்தில் குப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன். ஓர் இளைஞர் எழுந்து இடம் கொடுத்தார். நாங்கள் பலர் இருக்கிறோம் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். காவிரிப் பாலம் வந்தபோது குப்பியைச் சன்னல் பக்கம் திருப்பிக் கோபுரத்தைக் காட்டினேன். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

வீட்டில் வைதேகி கையில் இருப்பது என்ன என்று கேட்டாள். பாக்டீரியா என்றேன். கிருமியை உள்ளே கொண்டுவர வேண்டாம், கொல்லையில் வையுங்கள் என்றாள். துவைக்கும் கல்லின் மேல் வைத்தேன். வைத்துவிட்டுப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. அந்தப் பிளாஸ்டிக் குப்பி, கழிவறை கழுவும் திரவம் வரும் குப்பிக்குக் கூடப் பிறந்தது போல இருந்தது. உலகத்துக்கு அன்னமிடுகிறவர்கள் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு, சோப்புத் தூளுக்கு அருகில், பெருமாளுக்கு உகந்த புரட்டாசிச் சனிக்கிழமையின் முந்தின மாலையில் இருப்பதா?

வைதேகி சாயங்காலம் கோயிலுக்குப் புறப்பட்டுப் போனதும் காரியத்தில் இறங்கினேன். உற்சவக் காலங்களில் மட்டும் எடுக்கும் தாமிரக் குடம் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. அதைப் புளி போட்டுச் சிவக்கச் சிவக்கத் தேய்த்தேன். குப்பியைத் திறந்து அத்தனையையும் அதில் வார்த்தேன். நெரிசல் இல்லாமல் இருக்கட்டும் என்று நல்ல தண்ணீர் சேர்த்தேன். ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டேன். பெருமாள் தீர்த்தத்துக்குச் சேர்ப்பதுபோலவே பச்சைக் கற்பூரம், ஏலம், கிராம்பு பொடித்துப் போட்டேன். அளவு கொஞ்சம் தாராளமாகத்தான் இருந்தது. துளசியைக் கிள்ளி மேலே மிதக்கவிட்டேன். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் கேட்கட்டும் என்று சற்று உரக்கவே சேவித்தேன்.

முடித்துவிட்டு எட்டிப் பார்த்தேன். நீர் அசைவற்று, தெளிந்து, மணந்துகொண்டிருந்தது. முற்பகலில் நுண்ணோக்கியில் கண்ட அந்தப் பரபரப்பு எங்கும் இல்லை. சாந்தி அடைந்துவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டேன். இவ்வளவு சரியாக நான் எதையும் அதற்கு முன் கணித்ததில்லை.

காலையில் குடத்தின் வாயைப் பட்டுத் துணியால் கட்டி மடியில் வைத்துக்கொண்டு வாடகைக் காரில் ஏறினேன். வைதேகியும் உடன் வந்தாள். துணியைத் தாண்டி வந்த வாசனையை முகர்ந்து, சந்நிதியிலிருந்து தீர்த்தம் வாங்கி வருகிறேன் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். குடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கிருமியை உள்ளே விடாதவள் இப்படிச் செய்தாளே என்று எனக்கு உள்ளூர ஒரு வெற்றிப் பெருமிதம். நான் திருத்தவில்லை.

தொட்டியத்து வயலில் பார் எல்லாம் பிடித்து, மண் மேட்டு வரிசைகள் தயாராக இருந்தன. பூவரச மர நிழலில் வெட்டிய கொடித் துண்டுகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. அவற்றை நுண்ணுயிர்க் கரைசலில் நனைத்து நடவேண்டும். நடவுக்கு வந்திருந்த பெண்கள், பட்டுத் துணியும் குடமுமாக நான் வரப்பில் வந்து கட்டை அவிழ்ப்பதைக் கண்டு ஒதுங்கி நின்றார்கள். செல்லம்மா என்ற மூத்த பெண்மணி தலை முக்காட்டை எடுத்துவிட்டு வலக்கையைக் குழித்து நீட்டினார். சனிக்கிழமை, துளசி, தாமிரக் குடம். அவர் வேறு என்ன நினைப்பார்? எனக்கும் ஆயுள் முழுவதும் பழகிய கை. நீட்டிய உள்ளங்கையைக் கண்டதும் தானாகவே குடத்தைச் சாய்த்துவிட்டது.

"அத்திம்பேர், அது உரம்" என்று சம்பத் ஓடி வந்து மணிக்கட்டைப் பிடித்தான்.

செல்லம்மா கையை மடக்கவில்லை. "உரமா இருந்தா என்னங்க, பெருமாள் பேரைச் சொல்லிக் கொண்டாந்திருக்கீங்க. குடிக்க வேணாம்னா தலையிலயாவது தெளிங்க சாமி" என்றார்.

தெளித்தேன். ஒருவருக்குத் தெளித்துவிட்டு மற்றவரை விடமுடியுமா? வரிசையாக எல்லோருக்கும் தெளித்தேன். சம்பத் பொறுமையிழந்து குடத்தை வாங்கி, கொஞ்சத்தைத் தொட்டியில் ஊற்றித் தண்ணீர் கலந்து, முதல் கட்டை நனைத்துக் கொடுத்தான். வாய்க்கால் ஓரத்தில் ஒரு வரிசை நட்டு முடிந்தபோது ஸ்டெல்லா அம்மையார் வந்து சேர்ந்தார்.

வந்தவர் தொட்டிக்கு அருகில் குனிந்தார். மூக்கை ஒரு முறை சுருக்கினார். பிறகு குடத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார், இது தாமிரமா?"

"அசல் தாமிரம். நேற்றுத்தான் புளி போட்டுத் தேய்த்தேன்" என்றேன். பாராட்டை ஏற்கும் தொனியில் சொன்னேன் என்பதை இங்கே மறைப்பதற்கில்லை.

"எப்பலேருந்து இதுல இருக்கு?"

"நேற்று மாலையிலிருந்து. மஞ்சள், கிராம்பு, பச்சைக் கற்பூரம் எல்லாம் சேர்த்திருக்கிறேன். ஒரு குறையும் வைக்கவில்லை."

அவர் மெல்ல நிமிர்ந்தார். "அப்ப எல்லாரும் போயிட்டாங்க சார்."

"யார் போய்விட்டார்கள்?"

"பாக்டீரியா. தாமிரத்துல கிருமி சாகும். தண்ணியைத் தாமிரத்துல வச்சுக் குடிக்கிறதே அதுக்காகத்தானே? மஞ்சளும் கிராம்பும் கற்பூரமும் அதே வேலையைத்தான் பண்ணும். எங்க மாதா கோயில்லயும் தீர்த்தம் இருக்கு சார். ஆனா அதுல நாங்க பாக்டீரியா வளர்க்கிறதில்ல."

தலையில் நீர் சொட்ட நின்ற பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் குடத்தைப் பார்த்தேன். என் மடியில் காவிரி நெடுகப் பயணம் செய்து வந்தது ஓர் ஊர்வலம் என்று நினைத்திருந்தேன். அது இறுதி ஊர்வலம்.

சம்பத் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். வேறு குப்பி கிடைக்குமா என்று கேட்டான். இல்லை, அந்தத் தொகுதியில் அதுதான் கடைசி, அடுத்தது வளர்ந்து வரச் சில வாரம் ஆகும் என்றார் ஸ்டெல்லா. வெட்டிய கொடியோ வாரக் கணக்கில் காத்திராது. சம்பத் என்னைப் பார்க்காமலே, "அக்காகிட்ட என்ன அத்திம்பேர் சொல்றது?" என்றான்.

"எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். காது நன்னாவே கேக்கறது" என்றாள் பின்னால் நின்ற வைதேகி. தம்பியின் மேல் கோபமா, என் மேல் கோபமா, குடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நினைத்துத் தன் மேலேயே கோபமா என்று பிரித்தறிய முடியாத குரல். உரத்தைக் குறைத்தாயிற்று, கிருமியும் இல்லை, இனிமேல் எதை வைத்து விளையும், வாழைக்காரரையே வரச் சொல்லிவிடலாம் என்றாள். சம்பத் கொடித் துண்டு ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. பேசக்கூடிய தகுதியும் அந்த வயலில் அப்போது எனக்கு மட்டும்தான் இல்லை.

ஸ்டெல்லா அம்மையார்தான் காப்பாற்றினார். இன்றைக்கே முடிவு செய்யவேண்டியதில்லை என்றார். கொடியை இப்போது நட்டுவிடலாம். அடுத்த குப்பி வந்ததும் மக்கிய தொழு உரத்தில் கலந்து, மண் அணைக்கும்போது ஒவ்வொரு செடியின் வேரடியிலும் போட்டுவிடலாம். நனைத்து நடுவதுபோல முழுப் பலன் கிடைக்குமா என்பதற்கு உறுதி சொல்ல முடியாது, ஆனால் பலன் இருக்கும். தீர்த்தத்தில் நனைத்து நட்ட அந்த வாய்க்கால் ஓர வரிசைக்கு மட்டும் நுண்ணுயிர் கலக்காத வெறும் தொழு உரம் போதும், அது அப்படியே இருக்கட்டும். வைதேகி நடவுக்கு வந்த பெண்களை ஒரு முறை பார்த்துவிட்டு, பொங்கல் வரை பார்க்கிறேன் என்றாள். நம்பிக்கையினால் அல்ல. கூலிக்கு வந்தவர்களை வேலை கொடுக்காமல் திருப்பி அனுப்ப அவளுக்குப் பிடிக்கவில்லை.

எனக்கு ஓர் ஐயம் பாக்கி இருந்தது. அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம். "அம்மா, இத்தனை உயிர் போயிருக்கிறதே, நான் இவர்களுக்காக ஸ்நானம் செய்யவேண்டுமா?" என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

"அது உங்க ஆசாரம் சார், எனக்குத் தெரியாது. குளிக்கிறதா இருந்தா குளிச்சுக்கோங்க. ஆனா குடத்தைக் கழுவிடாதீங்க, எனக்கு சாம்பிள் வேணும்" என்றார். சம்பத் அந்த நிலையிலும் வரப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டான். நான் காவிரியில் இறங்கி முழுகி எழுந்தேன். யாருக்காக என்று சங்கல்பத்தில் பெயர் சொல்லத் தெரியாமல், "அனைவருக்கும்" என்று பொதுவாகச் சொன்னேன்.

அடுத்த வாரம் ஆய்வகத்திலிருந்து செய்தி வந்தது. நுண்ணுயிர் வளர்க்கும் கண்ணாடித் தட்டில் என் தீர்த்தத்தை இட்டு வைத்துப் பார்த்தார்களாம். ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை. இவ்வளவு சுத்தமான தட்டை அந்த ஆய்வகத்தில் ஒருவரும் பார்த்ததில்லை என்று ஸ்டெல்லா அம்மையார் சொன்னதாகச் சம்பத் சொன்னான். சொல்லும்போது அவன் குரல் சற்றுத் தெளிந்திருந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

புதிய குப்பி தயாரானதும் அதை வாங்கப் போனது நான் அல்ல, வைதேகி. துணைக்கு வர அனுமதித்தாள். குப்பியைத் தொட அனுமதிக்கவில்லை. கிருமியை வீட்டுக்குள் வராதே என்று கொல்லையில் நிறுத்தியவள், அன்று இரவு அதைக் கூடத்தில் நிழலான மூலையில், பூசைச் சாமான்களுக்கு எட்டாத தூரத்தில் வைத்து, அடிக்கடி வந்து பார்த்துக்கொண்டாள். நான் அந்தப் பக்கம் நடந்தபோதெல்லாம், "நீங்க வாயால சேவிக்கறதோட நிறுத்திக்கோங்கோ" என்றாள். நானும் தூரத்திலிருந்து, மெல்லிய குரலில், அவர்களை எவ்விதத்திலும் தொந்தரவு செய்யாதபடி சேவித்தேன்.

மண் அணைக்கும் நாளில் எனக்கு ஒரு கூடை கொடுத்தார்கள். தொழு உரமும் நுண்ணுயிரும் கலந்த கலவை. ஒவ்வொரு கொடியின் அடியிலும் ஒரு கைப்பிடி இட்டு மூடவேண்டும். முதுகு வலித்தது. கைப்பிடிக்குள் எத்தனை உயிர் என்ற நினைப்பு மட்டும் வலியை மீறிக்கொண்டே இருந்தது. மூடிய விரல்களுக்குள் ஓர் ஊர்த் திருவிழாவை வைத்துக்கொண்டு, அதை இருட்டான ஒரு வேரடியில் இறக்கிவிட்டு அடுத்த செடிக்கு நகர்வது என்பது எளிய காரியமாக எனக்குத் தோன்றவில்லை. சந்நிதியில் திரை விலகும் முன்பு வருமே ஒரு மௌனம், அது ஒவ்வொரு குழியிலும் வந்தது. செல்லம்மா பின்னால் வந்து, "சாமி, இப்படிப் போனா பொழுது சாஞ்சிடும்" என்று கூடையை வாங்கிக்கொண்டார்.

பொங்கலுக்குச் சில நாள் முன்பு கிழங்கு தோண்டினார்கள். அக்காவின் திருப்திக்காகச் சம்பத் ஒரு பகுதிக்கு வழக்கம்போல முழு யூரியா போட்டிருந்தான். அதை முதலில் தோண்டினார்கள். நல்ல கிழங்கு. அடுத்து, உரம் குறைத்து நுண்ணுயிர் இட்ட பகுதி. மண்வெட்டி இறங்கி நெம்பியதும், மண் பிளந்து, சிவந்த கிழங்குகள் கொத்தாக மேலே வந்தன. கூடைக்குக் கூடை ஒப்பிட்டபோது முழு யூரியாவைவிடச் சற்றுத்தான் குறைவு. கண்ணுக்குத் தெரியாதவர்கள் காற்றிலிருந்து எடுத்து இத்தனை நாள் ஊட்டிய ஊட்டு, கையில் கனமாக உட்கார்ந்திருந்தது. ஸ்டெல்லா அம்மையார் ஒரு வேரை வாய்க்கால் நீரில் அலசி, மயிரிழை போன்ற நுனிகளைக் காட்டினார். இங்கேதான் இருக்காங்க என்றார். எனக்குத் தெரிந்த தமிழ் அத்தனையும் பிறர் எழுதி வைத்தது, இந்த வேருக்கென்று யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.

சம்பத் அக்காவின் முகத்தைப் பார்த்தான். வைதேகி கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவளுக்கே உரிய கேள்வி ஒன்று வந்தது. "இது உன் பாக்டீரியாவால வந்ததுன்னு எப்படிச் சொல்றே? மண்ணுல பழைய உரம் மிச்சம் இருந்திருக்கும். இந்த வருஷம் வந்துடுத்து. அடுத்த வருஷம் காலை வாரிடுமோ என்னவோ."

சம்பத்தின் முகம் புரட்டாசியில் வரப்பில் உட்கார்ந்த அன்று இருந்ததுபோல ஆயிற்று. ஸ்டெல்லா அம்மையார் மட்டும் பதறாமல், வாய்க்கால் ஓர வரிசையைத் தோண்டச் சொன்னார். என் வரிசை. அதே மண், அதே கொடி, அதே குறைந்த உரம், அதே தொழு உரம், அதே தண்ணீர். நுண்ணுயிர் மட்டும் இல்லை.

செல்லம்மா நெம்பினார். கொடியைப் பிடித்துத் தூக்கினார். அடியில், விரல் பருமனில், நாலைந்து கிழங்குகள் வெட்கத்தோடு தொங்கின. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். வரிசை முழுவதும் தோண்டிக் குவித்தபோது ஒரு முறம்கூட நிரம்பவில்லை.

வைதேகி நுண்ணுயிர் இட்ட குவியலுக்கும் என் குவியலுக்கும் நடுவில் போய் நின்றாள். ஒன்றைப் பார்த்தாள், மற்றொன்றைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இவர் கொன்னதாலதான் அதுகள் இருந்ததே தெரியறது" என்றாள்.

இத்தனை ஆண்டு காலட்சேபங்களில் இதைவிடப் பெரிய வாக்கியத்தை நான் கேட்டதில்லை. இருப்பவனை இல்லாத இடத்தில் வைத்துத்தான் அறிய முடிகிறது. இதைச் சொல்ல வாய் திறந்தேன். "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்று தடுத்துவிட்டாள். அங்கிருந்தே வாழைக்காரருக்குத் தொலைபேசியில், நிலம் கொடுப்பதற்கில்லை, தம்பி பயிர் செய்கிறான் என்று சொன்னாள். சம்பத் திரும்பி நின்று, தேவையில்லாமல் ஒரு மண்கட்டியை உடைத்துக்கொண்டிருந்தான். நெடுநேரம் உடைத்தான்.

அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் மருத்துவரிடம் போவதற்கு முன் என்னிடம் வந்து நிற்கிறார்கள். சம்பத்தின் மகள் தொண்டை கட்டிய குரலில், "மாமா, ரெண்டு உத்தரணி உங்க தீர்த்தம் குடுங்கோ, கிருமியெல்லாம் மோட்சத்துக்குப் போயிடும்" என்கிறாள். புத்தூர் ஆஸ்பத்திரியில் எனக்கே ஊசி போட்டபோது, உடன் வந்த சம்பத் செவிலியிடம் முழுக் கதையையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் என்னை அழைத்துக்கொண்டு கிளம்பினான்.

சம்பத் இப்போது ஒவ்வொரு பருவத்திலும் ஒரு வரிசைக்கு நுண்ணுயிர் இடாமல் விடுகிறான். பார்க்க வரும் விவசாயிகளுக்கு ஒப்பிட்டுக் காட்ட அது வேண்டியிருக்கிறது. அதற்கு 'அத்திம்பேர் வரிசை' என்று பெயர். யார் அந்த அத்திம்பேர் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், செல்லம்மா மிகுந்த மரியாதையோடு விளக்குகிறாராம்.

அந்த வரிசைக் கிழங்கு சந்தைக்குப் போவதில்லை. ஒரு பையில் கட்டி ஸ்ரீரங்கத்துக்கு வந்துவிடும். பொங்கலன்று எல்லோர் இலையிலும் உருண்டு திரண்ட கிழங்கு விழும்போது, வைதேகி என் இலையில் மட்டும் அந்த விரல் கிழங்குகளை எண்ணெய் வதக்கலாக வைத்து, "உங்களோடது, சாப்பிடுங்கோ" என்கிறாள். நாரோடு மென்று விழுங்குகிறேன். முகம் சுளிக்க எனக்கு உரிமை இல்லை.